டெல்லிக் கல்லில் பெயர், மணிக்கூண்டுக் கல்லில் எண்: ஏன் இப்படி?

பேட்டைப்பேரன் எழுதியது:

பையனின் அட்மிஷன் விஷயமாகப் போன மாதம் டெல்லி போயிருந்தேன். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறும்போதே பெரியம்மா போன் பண்ணிவிட்டார். "அங்க உங்க பெரியப்பா பேரு கல்லுல கீதாம். பாத்துட்டு வா."

பெரியப்பா 1987-ல் இந்திய அமைதிப்படையோடு போய் இலங்கையில் இறந்தவர். எனக்கு அப்போது ஆறு வயது. உடல் ஊருக்கு வரவில்லை. முதலில் தந்தி வந்தது, பல வாரம் கழித்துக் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. எங்கள் ஊர் கம்மவான்பேட்டைப் பக்கம். மிலிட்டரி பேட்டை என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊரில் டிரங்குப் பெட்டி ஒன்றும் புதிதில்லை. ஆனால் சமாதி கிடையாது, சாம்பல் கிடையாது. வருஷா வருஷம் பெட்டியின் மேலேதான் படையல்.

இந்தியா கேட்டுக்குப் பின்னால் 40 ஏக்கரில் இருக்கிறது தேசியப் போர் நினைவகம். கட்டணம் இல்லை. பெயரைத் தட்டித் தேடத் திரை வைத்திருக்கிறார்கள். பெரியப்பா பெயரில் நாலைந்து பேர் வந்தார்கள், படைப்பிரிவை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வட்ட வட்டமாகச் சுவர்கள், செங்கல் அடுக்கினமாதிரி கிரானைட் பலகைகள், ஒரு பலகைக்கு ஒரு ஆள். பெயர், பதவி, படைப்பிரிவு, பொன் எழுத்தில். வீடியோ கால் போட்டுக் காட்டினேன். பெரியம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டது இதுதான்: "கல்லு வெயில்லயா கீது?"

ஆமாம் பெரியம்மா, வெயிலில்தான் என்றேன்.

ஊர் திரும்பிய மறுநாள் வேலூர் லாங் பஜாருக்கு வெங்காயம் வாங்கப் போனேன். எத்தனையோ தடவை கடந்து போன மணிக்கூண்டு. அதில் ஒரு கல் இருக்கிறது, அன்றுதான் நின்று படித்தேன். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். 14 பேர் யார்? ஒரு பெயர்கூட இல்லை. டெல்லியில் ஆளுக்கு ஒரு கல், இங்கே 14 பேருக்குச் சேர்த்து ஒரு வரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாங்பஜார்க்காரன் எழுதியது:

அந்தக் கல்லுக்குக் கீழேதான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து வியாபாரம். இதுவரை அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான்!

பெரிய வேடிக்கை "கிராமம்" என்ற வார்த்தை. வேலூர் 1866-லேயே முனிசிபாலிட்டி. ஆனால் போர் முடிந்ததும் இதே வாசகத்தில் நாடு முழுக்கக் கல் அடித்து நட்டார்கள். பஞ்சாபிலும் உண்டு, தெற்கேயும் உண்டு. வாசகம் ஒன்றே, ஊர்ப்பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். ஃபாரத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற மாதிரி. நமக்கு 277, 14 என்று நிரப்பிவிட்டுப் போயிருக்கிறான்.

ஓய்வுஹவில்தார் எழுதியது:

பேட்டைப்பேரன் தம்பி, உங்கள் பெரியப்பாவுக்கு என் சல்யூட். நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை, பெங்களூர் சென்டர். எங்களை மற்ற படைக்காரர்களும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் உங்களையும் அப்படியே கூப்பிடுகிறேன்.

இரண்டு இடத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியா கேட் வேறு, தேசியப் போர் நினைவகம் வேறு.

இந்தியா கேட் வெள்ளைக்காரன் கட்டியது. 1921-ல் அஸ்திவாரம், 1931-ல் திறப்பு, வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் செத்தவர்களுக்கானது. 42 மீட்டர் உயரம். அதன்மேல் செதுக்கிய பெயர் 13 ஆயிரத்துச் சொச்சம். முதல் உலகப் போரில் மட்டும் செத்த இந்தியச் சிப்பாய்கள் 70 ஆயிரத்துக்கு மேல். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நம் 14 பேர் அங்கேயும் இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

சுதந்திரத்துக்கு அப்புறம் செத்தவர்களுக்கு என்று தனியாக ஒரு இடம் வேண்டும் என்ற பேச்சு 1960-லேயே வந்துவிட்டது. மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது 2015-ல், திறந்தது 2019 பிப்ரவரி 25. நடுவில் 1965, 1971, சியாச்சின், இலங்கை, கார்கில் எல்லாம் வந்து போய்விட்டன. திறக்கும்போதே சுவரில் 25,942 பெயர். அப்புறமும் சேர்ந்துகொண்டே போகிறது. 2020-ல் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 பேரும் இப்போது அங்கே இருக்கிறார்கள். அதில் ஒருவர் நம் ராமநாதபுரம் ஹவில்தார் பழனி. காலியாக விட்ட இடம்தான் அந்தச் சுவரில் எனக்குப் பார்க்கவே பிடிக்காதது.

வட்டம் நான்கு. நடுவில் அமர் சக்கரம், பதினைந்தரை மீட்டர் தூண், அடியில் அணையா விளக்கு. அதைச் சுற்றி வீரதா சக்கரம், ஆறு வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள், ராம் சுதார் செய்தவை, ஒவ்வொன்றும் ஒரு போர் நடவடிக்கை: தித்வால், ரெஸாங் லா, லோங்கேவாலா, கங்காசாகர், கராச்சி மீது நம் கடற்படை போன ட்ரைடென்ட், சியாச்சின் ஏறிய மேக்தூத். மூன்றாவது தியாக சக்கரம், அதுதான் தம்பி பார்த்த பெயர்ச் சுவர். கடைசி வட்டம் ரக்ஷக் சக்கரம், சுவர் இல்லை, வரிசையாக மரங்கள். காவல் நிற்கிற சிப்பாய்கள் என்று அர்த்தம்.

பக்கத்திலேயே பரம் வீர் சக்ரா வாங்கிய 21 பேருக்கு மார்பளவுச் சிலை. அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் உண்டு. 1987 நவம்பர் 25, இலங்கை. தம்பியின் பெரியப்பா போன அதே வருஷம், அதே நாடு.

கோட்டைக்கரை எழுதியது:

எல்லாம் சரி ஐயா. ஆனால் 1947-க்கு அப்புறம்தான் கணக்கு ஆரம்பிக்கிறது என்றால் எங்கள் வேலூர்க் கோட்டைக்காரர்கள் எங்கே போவார்கள்?

1806 ஜூலை 10. சிப்பாய்களின் மீசை தாடியில் வெள்ளைக்காரன் கை வைத்தான், நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது என்றான், தோல் வைத்த புதுத் தொப்பியை மாட்டச் சொன்னான். விடிவதற்கு முன்னால் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69-ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே கோட்டையைப் பிடித்துவிட்டான். அப்புறம் நடந்தது கொலைக்களம். சுமார் 100 பேரை அரண்மனையிலிருந்து இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்கு அப்புறம் 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், 5 பேரைத் துப்பாக்கியால், 8 பேருக்குத் தூக்கு, 5 பேர் நாடு கடத்தல். மூன்று படைப்பிரிவுகளின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

1857-க்கு 51 வருஷம் முன்னால்! மக்கான் சந்திப்பில் ஒரு தூண், வருஷத்துக்கு ஒருநாள் மலர்வளையம், 2006-ல் ஒரு தபால்தலை. இவ்வளவுதான். செத்த வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டையை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. டெல்லிச் சுவரில் முதல் கல்லே வேலூர்ச் சிப்பாய்க்குத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓய்வுஹவில்தார் எழுதியது:

கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் பட்டாளத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. அந்தச் சுவர் சுதந்திர இந்தியாவின் படையில் இருந்து உயிர் விட்டவர்களுக்கானது. 1806 சிப்பாய் வெள்ளைக்காரன் படையில் இருந்து, அதன் கட்டளையை மீறி எழுந்தவன். அவன் தியாகியாகத்தான் நிற்க வேண்டும், மஸ்டர் ரோலில், அதாவது படையின் ஆள் பட்டியலில் அல்ல. ரோலில் சேர்த்தால் அவன் எதை எதிர்த்தானோ அதிலேயே திரும்பக் கொண்டுபோய் நிறுத்தின மாதிரி ஆகிவிடும்.

கோட்டைக்கரை எழுதியது:

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. டெல்லி வேண்டாம், மக்கான் தூணிலாவது ஷேக் ஆடம், ஷேக் காசிம் என்று தெரிந்த பெயர்களை எழுதலாமே.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் எழுதியது:

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். 176 கோடி செலவு. அந்தப் பணத்தில் எத்தனை விதவைகளுக்கு என்னென்ன செய்திருக்கலாம்? அப்புறம் 50 வருஷம் இந்தியா கேட்டடியில் எரிந்த அமர் ஜவான் ஜோதியை அணைத்தது எதற்கு? 1971 போரில் செத்தவர்களுக்காக ஏற்றிய விளக்கு அது.

இன்னொன்று. பேட்டைப்பேரன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலங்கைக்குப் போன படை அங்கே தமிழர்களை என்ன பாடு படுத்தியது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர்களைத் தமிழன் எப்படிப் பார்ப்பது?

ஓய்வுஹவில்தார் எழுதியது:

ஜோதி விஷயம் மட்டும் சொல்கிறேன். 1972 ஜனவரி 26-ல் இந்திரா காந்தி ஏற்றியது. 2022 ஜனவரி 21-ல் அதிலிருந்து தீப்பந்தத்தில் நெருப்பை எடுத்து நடந்துபோய்ப் புது விளக்கோடு சேர்த்தார்கள். அந்த மே மாதம் தலைகீழ்த் துப்பாக்கியையும் தலைக்கவசத்தையும்கூடப் புது இடத்துக்கே கொண்டுபோனார்கள். அணைத்தது என்பீர்களோ, சேர்த்தது என்பீர்களோ, எங்கள் ஆட்களிலேயே இரண்டு கட்சி. எனக்குப் பழைய இடம்தான் கண்ணில் நிற்கிறது. 1971 பெயர்கள் அந்தக் கேட்டில் இல்லை, இங்கே இருக்கின்றன, விளக்கும் பெயர் இருக்கிற இடத்தில் இருக்கட்டுமே என்கிறவர்களையும் தப்பு சொல்ல முடியவில்லை.

பேட்டைப்பேரன் எழுதியது:

ஜோலார்பேட்டை அண்ணா, தப்பாக எடுக்கவில்லை. இந்தக் கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வந்தது. என் நைனா 1991 வரைக்கும் அண்ணன் எங்கே செத்தார் என்று வெளியூரில் சொல்ல மாட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் "பார்டர்ல" என்று முடித்துவிடுவார். அங்கே செத்த தமிழர்களும் எங்களுக்கு அந்நியர் இல்லை. அனுப்பினவர் டெல்லியில், போனவர் கம்மவான்பேட்டையில். மூட்டை கட்டும்போது எங்கே என்றுகூட அவருக்குச் சொல்லவில்லை என்று பெரியம்மா சொல்வார். 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலேறித் திரும்பியபோது சென்னையில் வரவேற்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். கொழும்பில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இந்த ஆட்களின் பெயர் பொறித்த நினைவகம் இருக்கிறது. டெல்லியில் ஒரு சுவர் வர 2019 ஆனது.

176 கோடிக்கு வருகிறேன். பென்ஷனுக்கு பெரியம்மா மூன்று வருஷம் அலைந்தார். பட்டாளத்துப் பதிவில் பெரியப்பாவின் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. ஒரே ஒரு எழுத்து. அந்த ஆபீஸில் இருந்தவர் "இந்த ஆளும் அந்த ஆளும் ஒண்ணுன்னு எப்படிம்மா நம்பறது" என்று கேட்டாராம். கல்லுக்குப் பதில் பென்ஷன் என்று நீங்கள் சொல்லலாம். பெரியம்மாவுக்கு இரண்டுக்கும் நடுவில் நின்றது அந்த ஒரு எழுத்துதான். இப்போது கல்லிலும் பட்டாளத்து எழுத்துக்கூட்டல்தான். வீடியோவில் அதையும் கவனித்துவிட்டுச் சிரித்தார், "தப்பாவே எழுதி வெச்சிட்டான் பாரு" என்று.

செங்கம் வாத்தியார் எழுதியது:

நாலு நாளாக இழையைப் படிக்கிறேன், கை சும்மா இருக்கவில்லை. பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் பெயர் இல்லாத கல்லைப் பார்த்துக் குழம்புவது இயற்கை. நம் மண்ணில்தான் தமிழ்நாட்டிலேயே நடுகல் அடர்த்தி. எங்கள் செங்கம் வட்டாரத்தில் வயல் வரப்பில், ஏரிக்கரையில், பாதி புதைந்து கிடக்கும். சில இடத்தில் "வேடியப்பன்" என்று பூசை நடக்கும். பொங்கல் வைக்கிறவர்களுக்கு அதில் எழுத்து இருப்பதே தெரியாது.

அகநானூற்றில் நடுகல்லைச் சொல்லும்போது "பெயரும் பீடும் எழுதி" என்று வரும். பீடு என்றால் பெருமை, என்ன செய்தான் என்பது. இரண்டையும் எழுத வேண்டும். கல்வெட்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எதற்காகச் செத்தான், அவன் பெயர், கடைசியில் "கல்" என்று முடியும்.

இதில் எடுத்தனூர்க் கல்லை வகுப்பில் சொன்னால் எந்தப் பையனும் தூங்க மாட்டான். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டு, ஏறக்குறைய 1400 வருஷம் முன்னால். கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. "கோவிவன் என்னும் நாய்" இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனோடு காத்து நின்றது என்று கல்லில் எழுத்து.

நாய்க்குப் பெயர் எழுதினார்கள், ஐயா. எருமை மந்தைச் சண்டையில்! இப்போது உங்கள் மணிக்கூண்டுக்குப் போய் அந்த 14 என்பதைத் திரும்பப் படியுங்கள்.

ஓய்வுஹவில்தார் எழுதியது:

வாத்தியாரே, இதைப் படித்துவிட்டு டீ ஆறிப்போனது தெரியவில்லை.

எண் மட்டும் எழுதுவது மணிக்கூண்டோடு நிற்கவில்லை. எங்கள் சாப்பர்ஸ் முதல் உலகப் போரில் மெசபடோமியா போனார்கள், இன்றைய ஈராக். அங்கே பாஸ்ராவில் ஒரு பெரிய நினைவகம். வெள்ளைக்காரன் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர். நம் ஆளில் அதிகாரிக்குப் பெயர், சிப்பாய்க்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை. இடம் இல்லாமல் இல்லை, அப்படித்தான் முடிவு செய்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒரு அறிக்கை போட்டு, ஆசிய ஆப்பிரிக்கச் சிப்பாய்களைச் சமமாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்து.

லாங்பஜார்க்காரன் எழுதியது:

அப்போ நம்ம 14 பேர் பாஸ்ராவிலும் எண்ணாகவே இருக்கலாம். இங்கே ஒரு எண்ணு, அங்கே ஒரு எண்ணு.

ஆரணிக்காரி எழுதியது:

ஆண்கள் எல்லாம் கல்லையும் கணக்கையும் பேசி முடித்துவிட்டீர்களா? அந்த வட்டத்தைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். அது சக்கரவியூகத்தை வைத்துப் போட்ட வடிவம். போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்ததில் ஜெயித்தது சென்னையில் இருக்கும் நிறுவனம், கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன்.

சக்கரவியூகம் என்றால் நமக்குப் புத்தகம் வேண்டுமா? சித்திரை வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து. அபிமன்யு சண்டைக்கு எங்கள் ஊரில் கூட்டம் எழுந்திருக்காது. நடுநிசிக்கு மேல் உள்ளே போவான். போகத்தான் தெரியும், திரும்பி வரத் தெரியாது. பின்னால் வந்த சித்தப்பன் பெரியப்பன் எல்லோரையும் ஜெயத்ரதன் வாசலிலேயே மறித்துவிடுவான். ஆடுகிறவர் மரக்கட்டை அணிகளைக் கழற்றாமல் தரையில் சாய்ந்து கிடக்க, சுபத்திரை வேஷக்காரர் ஒப்பாரி எடுப்பார். ஆம்பளைதான் சேலை கட்டி ஆடுகிறார் என்று தெரியும், இருந்தாலும் பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் மாமியார் தன் தம்பி பெயரைச் சொல்லி அழுவார். 1971-ல் போனவர்.

டெல்லியில் நான் அந்த வட்டத்துக்குள் நடந்தபோது வெளியே மரம், அப்புறம் பெயர்ச் சுவர், அப்புறம் வெண்கலம், நடுவில் விளக்கு. சுற்றிப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன், செருப்புக்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே. சுவரில் இருக்கிறவர்கள் வரவில்லை. கூத்தில் சுபத்திரை வேஷம்போல இங்கே அழுகிற ஆள் யார் என்று தேடினேன். மாலையில் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு வந்து மலர்வளையம் வைக்கச் சொல்கிறார்கள், தினமும் ஒரு குடும்பம். அன்று வந்திருந்த அம்மாவுக்கு இந்தியும் தெரியவில்லை, இங்கிலீஷும் தெரியவில்லை. வளையத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு ஜவான் குனிந்து கையைப் பிடித்து வைக்க வைத்தார். பேட்டைப்பேரன், உங்கள் பெரியம்மாவையும் கூட்டிப்போங்கள்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் எழுதியது:

176 கோடி விஷயத்தில் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பெரியம்மா விஷயத்தில் நான் கேட்ட தொனி சரியில்லை. மன்னிக்கவும் தம்பி.

செங்கம் வாத்தியார் எழுதியது:

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். டெல்லிக் கல்லில் பெயர் இருக்கிறது, பீடு இல்லை. எங்கே, எப்படி, எதற்கு என்று ஒரு வரி இருந்திருந்தால் நடுகல்லாகவே ஆகியிருக்கும்.

ஓய்வுஹவில்தார் எழுதியது:

26 ஆயிரம் பேருக்கு எப்படி எழுதுவது வாத்தியாரே. சில பேர் எப்படிச் செத்தார் என்று பக்கத்தில் இருந்த எங்களுக்கே தெரியாது.

பேட்டைப்பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவைக் கூட்டிப்போக ஆசைதான். முட்டி வலியோடு இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார முடியாது என்கிறார். அதனால் நான் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னார். நேற்று ஸ்டுடியோவுக்கு அவரையும் அழைத்துப் போனேன்.

போனில் கிட்டப் போய் எடுக்கத் தெரியாமல் எடுத்த படம். பெரியப்பா பெயர் நடுவில், மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டு பக்கமும் பாதிப்பாதி வேறு பெயர்கள். ஸ்டுடியோ பையன் கம்ப்யூட்டரில் அதையெல்லாம் வெட்டி, நடுவில் உள்ளதை மட்டும் பெரிதாக்கிக் காட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "அந்தப் பக்கத்துப் பேரெல்லாம் எங்கடா போச்சி?"

வெட்டிவிட்டேன் பாட்டி, உங்கள் ஆள் பெயர் பெரிசாகத் தெரியும் என்றான் பையன்.

"வாணாம். வெட்டாத. அவங்களும் அங்கதான கீறாங்க."

முழுசாகவே பிரிண்ட் போட்டாகிவிட்டது. டிரங்குப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். மேலே இருக்கிற ஆள் எந்த ஊர் என்று கேட்டு ராத்திரியிலிருந்து நச்சரிக்கிறார். அவரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான். ஹவில்தார் ஐயா, உங்கள் பழைய ஆட்கள் யாரையாவது கேட்டால் தெரியுமா? பெயரைத் தனியாக அனுப்புகிறேன்.

ஓய்வுஹவில்தார் எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. வெல்லிங்டனில் ஒரு சுபேதார் இருக்கிறார், காலையில் போன் பண்ணுகிறேன்.